பாதிரி மரமும் பாதிரியாரும்: அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'பாதிரி' என்ற சொல்லுக்கு நேரே 'போர்ச்சுக்கீசியம்' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். சுருக்கமாக விட்டால், கிறிஸ்தவக் குருவைப் பாதிரி மரத்தோடு முடிச்சுப் போடும் விளக்கங்களுக்கு வழி திறந்துவிடும்.

மரத்தின் பெயர் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் தலமரம் அது. அப்பர் அங்கே பாடியது 7ஆம் நூற்றாண்டில். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததோ 1498இல். அந்த ஊர்ப்பெயரில் பாதிரியாருக்கு இடமே இல்லை.

குருவைக் குறிக்கும் சொல்லின் வழி வேறு. தந்தையைக் குறிக்கும் 'பதெர்' என்ற லத்தீன் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து 'பாத்ரே' பிறந்தது. பழைய போர்ச்சுக்கீசியத்தில் பெற்ற அப்பாவும் பாத்ரேதான். அப்புறம் வீட்டில் அப்பா 'பாய்' ஆகிவிட, பாத்ரே குருமாருக்கு உரியதாயிற்று. 'மாத்ரே'யும் அப்படியே வீட்டை விட்டுக் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டது. ஸ்பானியத்தில் இந்தப் பிரிவினை நடக்கவில்லை. இன்றும் அப்பாவும் குருவும் அங்கே பாத்ரேதான். இவ்வளவு அழகான வரலாற்றை ஒரு மொழிப்பெயருக்குள் அடைத்துவிடலாமா?

தமிழில் அது ஏன் 'பாதிரி' ஆனது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். போர்ச்சுக்கீசிய 'ஷாவே' சாவி ஆனது, 'மெஸ்த்ரே' மேஸ்திரி ஆனது, 'க்ராதே' கிராதி (கம்பித் தடுப்பு) ஆனது. அழுத்தி ஒலிக்கும் உயிர் தமிழில் நெடிலாகிறது, சொல்லின் கடைசி உயிர் இகரமாகிறது, கூட்டெழுத்துக்கு நடுவே ஓர் இகரம் நுழைகிறது. இந்த ஒழுங்கு கண்ணில் பட்டால் மரத்தைக் கொண்டுவர யாருக்கும் தோன்றாது.

இன்னொன்று, இன்றைய வழக்கு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில்) வேலை செய்த சேசு சபைக் குருக்கள் கத்தோலிக்கர்கள். பின்னாளில் இந்தப் பெயர் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைக் குருமாருக்கும் பரவியது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர்கூடத் தங்கள் படைக் குருவை அப்படித்தான் அழைத்தார்கள். 'ஆர்' விகுதி இல்லாமல் 'பாதிரி' என்றால் இன்று மரியாதைக் குறைவாகக் கேட்கிறது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் சாமி, ஃபாதர், அருட்தந்தை என்கிறார்கள். பள்ளிப் பிள்ளை அகராதியைப் பார்த்துவிட்டு ஒரு குருவை 'பாதிரி' என்று அழைத்துச் சங்கடப்படக் கூடாது. ஆகவே மரத்துக்கும் குருவுக்கும் தனித்தனித் தலைச்சொல் கொடுங்கள்; இரண்டாவதில் இந்த வழக்குக் குறிப்பையும் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளை விடாமல் புரட்டும் ஒரு வாசகர்