மாமா சாயும் சுவர்

அம்பாசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சின்னவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று படித்ததும் அடுப்பில் பால் இருப்பதையே மறந்துவிட்டேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது முன்பல் விழுந்த வாயோடு உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் இவ்வளவு வளர்ந்துவிட்டாளா!

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் சுவரைப் பற்றியே ஒரு பக்கம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறாய். கூடத்தில் உன் மாமனார் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலையெண்ணெய்க் கறை, சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் தாளிப்புக் கறை. வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க இப்போது நேரமில்லை என்கிறாய். சரி, நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பீரோவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பார். துணியில் சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது தண்ணீரில் கரையும் பூச்சு, டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. ஒன்றும் வராவிட்டால் கழுவினாலும் தாங்கும் பெயிண்ட், எமல்ஷனோ எனாமலோதான். இதைப் பார்க்காமல் சுவரில் கை வைக்காதே. பழைய வீட்டில் நான் அப்படித்தான் செய்தேன். டிஸ்டெம்பர் சுவரில் சோப்பு போட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அழுத்தித் தேய்த்தேன். கறையோடு பெயிண்டும் கரைந்து வந்துவிட்டது. ஒரு முறம் அகலத்துக்குச் சுவர் வெளுத்து, முன்பிருந்த கறையைவிட அதுதான் கண்ணை உறுத்தியது.

அப்புறம் இன்னொன்று. உன் வீட்டு இரண்டு கறையும் ஒரே மாதிரி இல்லை. தேங்காயெண்ணெய் எத்தனை நாள் காற்றுப்பட்டாலும் உலராது. எண்ணெயாகவே இருந்து மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கும். சமையலறையில் தெறிக்கும் நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படியில்லை. சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசின் போல ஆகிவிடும். தூசியும் புகையும் அதில் ஒட்டிப் பழுப்பேறும். அதனால் கூடத்துக் கறையை உறிஞ்சி எடுக்க வேண்டும், சமையலறைக் கறையை ஊறவைத்து எடுக்க வேண்டும்.

கூடத்தில் ஆரம்பி. தேங்காயெண்ணெய் உருகச் சுமார் 24 டிகிரி போதும், அதனால் பெரிய சூடு தேவையில்லை. அச்சு இல்லாத பழுப்புத் தாளைக் கறைமேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்துச் சில நொடி ஒற்றி எடு. தாளில் எண்ணெய் ஊறுவது கண்ணுக்கே தெரியும். தாளை மாற்றி மாற்றி, இனி ஊறவில்லை என்கிற வரைக்கும் செய். பிறகு சோளமாவையோ முகப்பவுடரையோ அந்த இடத்தில் அப்பி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மெல்லிய பிரஷால் தட்டிவிடு. டிஸ்டெம்பர் சுவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள். கறை முழுசாகப் போகாது, ஆனால் மங்கிவிடும்.

எமல்ஷன் என்றால் கழுவலாம். ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு போதும். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடை. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழியும், அந்தக் கோட்டை எடுப்பது பெரும்பாடு. கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பு போகத் துடைத்துவிடு. சோப்பு தங்கினால் புது அழுக்கை இழுத்துக்கொள்ளும்.

சமையலறைக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா, கூடவே அந்தத் திரவமும் கொஞ்சம். துணியை அதில் முக்கிப் பிழிந்து, கறைமேல் ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுத் துடை. ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். சலவை சோடா வேண்டாம், எனாமலின் பளபளப்பைக் கெடுத்துவிடும். தின்னர் பக்கமே போகாதே. அது பெயிண்டையே கரைக்கும். அடுப்பு இருக்கிற இடத்தில் அதன் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் துடைக்கும் முன் மெயினை அணைத்துவிடு.

கறைமேல் அப்படியே ஒரு கை பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எண்ணெய் இருக்கிற இடத்தில் எமல்ஷன் சரியாகப் பிடிக்காது, கறையும் திரும்ப மேலே ஊறி வரும். பின்னால் அடிப்பதானால் கழுவிக் காயவிட்டு, அடிப்பூச்சாகத் தண்ணீர் கலக்காத எண்ணெய் ப்ரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகு அடிக்கச் சொல்.

மாமாவிடம் மட்டும் இந்தக் கறையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே மல்லிகா. எங்கள் வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்த சமயம், "அம்மா, தலையைச் சுவரில் வைக்காதே" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அன்றிலிருந்து அம்மா சாயவே இல்லை. கூடத்தின் நடுவில், எதிலும் முதுகு படாமல் உட்கார்ந்து கீரை ஆய்வாள். இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. "சாய்ந்துக்கோ அம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவே இல்லை. இன்றைக்கும் அந்தச் சுவர் சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் மாமாவின் இடத்தை மாற்ற வேண்டாம். அவர் தலை படும் உயரத்தில் இரண்டு கொக்கி அடித்து, ஒரு கோரைப்பாயைத் தொங்கவிடு. பாய்க்குப் பின்னால் ஒரு ரெக்ஸின் துண்டு இருந்தால் எண்ணெய் சுவர்வரை போகாது. பத்தமடை எனக்குப் பக்கம்தானே, அடுத்த வாரம் அங்கே ஒரு வேலை இருக்கிறது. பாய் வாங்கிப் பார்சலில் அனுப்புகிறேன். மாமா உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் வருகிறது என்று அளந்து உடனே எழுது.

அன்புடன்,
உன் சாந்தி