வளைவில் சாயாக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

குழித்துறையிலிருந்து களியக்காவிளை போகிற சாலையில், வளைவை ஒட்டி உங்கள் கடை. வண்டி மோதுகிற சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது நீங்களும் சாயா குடிக்க வந்தவர்களும்தான். அந்த மனசில் குறையே இல்லை. ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைக்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கழுத்தெலும்பு முறிந்தவருக்குக்கூடத் தண்டுவடம் தப்பியிருக்கலாம். மடக்கித் தூக்கும்போது அது நசுங்கினால் கைகால் விளங்காமல் போய்விடும். தீப்பிடித்தாலோ, இன்னொரு வண்டி ஏறிவிடும் என்றாலோ மட்டும் நகர்த்துங்கள். ஒருவர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்து எண்ணிச் சொல்ல, நான்கு பேர் ஒன்றாகத் தூக்கட்டும். உங்கள் கடை பெஞ்சைவிட நல்ல பலகை அங்கே கிடைக்காது.

அதற்கும் முன்னால், வளைவின் இரண்டு பக்கமும் டார்ச்சோடு ஆள் நிற்க வேண்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த ரோட்டில் பின்னால் வருகிற லாரி நினைத்த இடத்தில் நிற்காது. வண்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள்; பீடியையும்தான். மின்கம்பி அறுந்து கிடந்தால், மின்வாரியம் லைனை நிறுத்தும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான தோர்த்துத் துண்டை மடித்து வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்கவே கூடாது. பார்த்தால் உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும். நனைந்தால் மேலேயே இன்னொன்று வையுங்கள். குத்தி நிற்கிற கண்ணாடியைப் பிடுங்காமல் சுற்றிலும் அழுத்துங்கள். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், அதன் முன்கண்ணாடியைத் திறந்தால் போதும். மயங்கியவர் வாந்தியெடுத்தால் தலையும் உடம்பும் சேர்ந்து திரும்பும்படி ஒருக்களிக்க வேண்டும்.

சோடா, சாயா, தண்ணீர் எதுவும் வேண்டாம். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். அறுவை சிகிச்சைக்கும் இடைஞ்சல்.

108-இல் பேசும்போது ஊர்ப்பெயர், ரோட்டின் எந்தப் பக்கம், எத்தனை பேர், எவர் மயக்கம் என்று சொல்லுங்கள். எல்லைப் பக்கம் போன் கேரள டவரைப் பிடித்திருக்கக்கூடும். அதனால் மாவட்டத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதை ஆம்புலன்ஸ்காரர் முடிவு செய்யட்டும்.

போலீஸ் கேஸ் என்று ஒதுங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்கு நிற்காது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. பணத்துக்கு யார் பொறுப்பு என்ற பயமும் வேண்டாம். 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்புவரை தமிழ்நாடு அரசு பணம் கட்டும். கேரள நம்பர் வண்டிக்காரருக்கும் அது உண்டு, விபத்து நம் எல்லைக்குள் நடந்தால் போதும்.

பர்ஸையும் போனையும் இரண்டு பேர் பார்க்க ஒரு பையில் போட்டுப் போலீஸிடம் கொடுங்கள். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுத்து, விபத்து என்பதையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் மட்டும் சொல்லுங்கள். ஆள் எப்படி இருக்கிறார் என்பதை டாக்டர் சொல்லட்டும்.