கூந்தன்குளம் சரணாலயத்துக்குத் தண்ணீர் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், கூந்தன்குளம்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: பறவைக் குஞ்சுகள் பறக்கும்வரை குளத்தில் தண்ணீர் நிற்க, மணிமுத்தாறு அணைத் தண்ணீரை மேலும் ஒரு முறை திறந்துவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

1994ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டு, 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்ட எங்கள் குளத்தில், இவ்வாண்டும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துள்ளன. குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமின்றி, ஊருக்குள் எங்கள் வாசல் வேம்பிலும் அவை கூடு கட்டியிருக்கின்றன. காயப்போட்ட துணியில் எச்சம் விழுகிறது, நாற்றமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கூடுள்ள மரத்தில் எவரும் கை வைப்பதில்லை. எச்சம் கலந்த வண்டல்தான் எங்கள் வயலுக்கு உரம்.

கூழைக்கடா அடைகாக்கவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. குஞ்சு சிறகு முற்றிப் பறக்க அதன்பின் சில மாதங்கள் வேண்டும். தாய்ப்பறவை வந்ததும் குஞ்சு அதன் அலகுப் பைக்குள் தலையை முழுதாக நுழைத்து மீனை எடுத்துத் தின்கிறது. குளம் வற்றினால் அந்த மீனுக்காகத் தாய்ப்பறவை நெடுந்தொலைவு போக வேண்டியிருப்பதால், பசியில் தடுமாறும் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுகின்றன. அதுவரை தண்ணீர் தடுத்து வைத்திருந்த நாய்களும் மரத்தடிவரை நடந்தே வந்துவிடுகின்றன. விழுந்த குஞ்சுகளை எடுத்துக் கையால் மீன் ஊட்டி வளர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று, ஆனால் நூற்றுக்கணக்கில் விழுந்தால் எங்களால் ஈடுகொடுக்க முடியாது.

மேலேயுள்ள குளங்கள் நிறைந்த பின்பே எங்களுக்குத் தண்ணீர் வருகிறது. பயிருக்கு முதலிடம் என்பதை, நாங்களும் விவசாயிகள் என்பதால், குறை சொல்லவில்லை. பிசான (பின்பருவ நெல்) பாசனத்துக்கான தண்ணீரை அடைக்கும் முன், கூந்தன்குளத்துக்கும் சரணாலயத்தின் மற்றொரு குளமான காடன்குளத்துக்கும் என்று தனியே ஒரு முறை திறந்து, அது வழியில் மறிக்கப்படாமல் வந்து சேருவதைப் நீர்வளத் துறையினரும் வனத் துறையினரும் சேர்ந்து கண்காணிக்குமாறு உத்தரவிட வேண்டுகிறோம்.

குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டியுள்ள சீமைக்கருவேலத்தையும் அகற்ற வேண்டும். ஆனால் அந்தப் பணி வரத்துக்காலோடு நிற்க வேண்டும். குஞ்சுகள் பறக்கும் முன் பொக்லைன் இயந்திரம் குளத்துக்குள் இறங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்,
கூந்தன்குளம்.