இஸ்திரிக்கடை சாச்சாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. மழைக்காற்றில் எங்கள் கூரை ஓடு பறந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், பாதிப் பேர் எங்களோடு சேர்ந்து நனைந்தீர்கள். எங்கள் யூத ஜெப ஆலயத்துக்குச் செயலாளர், பொருளாளர், சாவிக்காரன் மூன்றும் நானே என்பதால், நன்றி சொல்வதும் என் வேலைதான்.

இருட்டில் கூரையேறித் தார்பாய் கட்டிய பையன்கள், பெஞ்சுகளைக் காயவைக்க வீட்டுத் திண்ணையைக் கொடுத்தவர்கள், கறுப்புத் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்கான கிதூஷ் சர்பத் அனுப்பிய அக்கா, எல்லோருக்கும் நன்றி. மழைக்காலத்தில் மும்பை கேட்வேயிலிருந்து எங்கள் பக்கத்து மாண்ட்வா துறைக்குப் படகு கிடையாது. அப்படியும் தானேக்காரர்கள் பென் வழியாக பஸ் பிடித்து வெள்ளி மதியமே வந்து சேர்ந்தார்கள். நாலு குடும்பம் மிஞ்சியிருக்கும் ஊரில் கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய மினியானுக்குப் பத்துப் பேர் சேர்வது என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி சாச்சா.

சனி காலை. எங்கள் வேதமான தோரா சுருளை வாசிப்பு மேசையில் விரித்து வைத்திருந்தோம். ஓரம் நனைந்திருந்தது. அது தோல், வெயிலில் போட முடியாது. 304,805 எழுத்துகளில் ஒன்று உடைந்தாலும், பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலும், சுருளைக் கையால் எழுதும் எழுத்தர் வந்து திருத்தும்வரை அதிலிருந்து வாசிக்கக் கூடாது. பத்து மணி வாக்கில் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது, சுவரில் ஸ்விட்ச் இருக்கிறது. சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அன்றைக்கு நாங்கள் அதைத் தொடமாட்டோம். வேற்று மதத்தவரிடம் 'கொஞ்சம் போடுங்கள்' என்று கேட்பதும் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆறு பேர் அந்த ஸ்விட்சையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எதிர்க்கடை சாச்சா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். "அப்பாடா, எனக்கு ஒரே புழுக்கமா இருக்கு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே ஸ்விட்சைத் தட்டினார். ரெகுலேட்டரை ஒன்றிலேயே வைத்தார். "ஈரத்தை அவசரப்படுத்தினா சுருங்கிடும்" என்றார். முப்பது வருஷம் கரிப்பெட்டி தேய்த்த கை, ஈரம் அதற்குத் தெரியும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. நான் துண்டை நீட்டியபோது, "புழுக்கமா இருக்குன்னு சொன்னேனே" என்று வாங்க மறுத்துவிட்டார்! சாயங்காலம் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடியும்வரை அந்த மனிதர் 'புழுக்கத்தோடு' அங்கேயே இருந்தார். நடுவில் தொழுகைக்கு மட்டும் போய் வந்தார்.

வேற்று மதத்தவர் தனக்காகவே போட்டுக்கொண்டால் எங்கள் மேல் குற்றமில்லை என்கிற எங்கள் சட்டம் அவருக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவர் கேட்டதுமில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. இந்தக் கொங்கண் கரையில் எங்கள் முன்னோருக்கு 'சனிவார் தேலி' என்று பெயர்: சனிக்கிழமை செக்கோட்டாத எண்ணெய்க்காரர்கள். அக்கம்பக்கத்தார் எங்களைப் பார்த்து வைத்த பெயர்தான் அது. இன்று செக்குமில்லை, ஆட்களும் இல்லை. பார்ப்பவர்கள் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் போல. 2016-இல் மகாராஷ்டிர அரசு எங்களைச் சிறுபான்மையினராக அறிவிக்கும் முன் கணக்கெடுத்து, மனுவில் கையெழுத்து வாங்கி அலைந்தவன் நான். சாச்சாவின் கணக்கில் நாங்கள் எப்போதிருந்து இருக்கிறோமோ, தெரியவில்லை.

எலியா தீர்க்கதரிசியை நினைத்து மலிதா என்கிற நேர்ச்சைத் தட்டு வைப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். எழுத்தர் பார்த்து முடித்துச் சுருள் பேழைக்குத் திரும்பும் நாளில் அவலும் தேங்காயும் வெல்லமும் ஐந்து வகைப் பழமும் தட்டில் இருக்கும். முதல் தட்டு எதிர்க்கடைக்குப் போகும். வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன காரணம் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. நீலத் தார்பாய் இரண்டும் ஒரு மூங்கில் ஏணியும் எங்களிடமே இருக்கின்றன. யாருடையவை என்று யாருமே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். சனிக்கிழமை தவிர எந்த நாளிலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.