சீனியைத் தனியாக வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு பிறந்ததும் உடல்நலத்துக்காகப் பெரிய பெரிய தீர்மானங்களை எடுக்கிறோம். அவற்றுள் பல தைப்பூசம் வரைகூட நிலைப்பதில்லை. நாள் தவறாமல் செய்துவரும் ஒன்றில் சிறு மாற்றம் செய்தால்தான் அது வழக்கமாக நிலைக்கும் என்பது என் கருத்து. நம்மில் பெரும்பாலோர்க்கு அப்படிப்பட்ட ஒன்று தேநீர்.

சிங்கப்பூரில் சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் நீரிழிவு அதிகம். சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கு எதிராகப் போர் அறிவித்தது. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனி ஒரு நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்று கரண்டி போட்ட தேநீரை இரண்டு வேளை குடிப்பவர், வேறு இனிப்பு எதையும் தொடாமலேயே அந்த 25 கிராமை நெருங்கிவிடுகிறார்.

உணவங்காடி நிலையத்தில் கண்ணாடிக் குவளையில் தேநீர் கலக்குவதைச் சற்று நின்று பார்த்தால் விவரம் புரியும். சாயத்தை ஊற்றும் முன்னரே அடியில் கெட்டிப்பால் வெள்ளையாகத் தேங்கி நிற்கும். அந்தப் பாலே சீனி நிறைந்தது. ஆகவே ‘தே’ என்று மட்டும் கேட்காமல், ‘சியூ தாய்’ (இனிப்புக் குறைவாக) என்று சேர்த்துச் சொல்லிச் சீனியைக் குறைக்கலாம். சில வாரங்களில் நாக்கு பழகிய பிறகு ‘தே சீ கோசோங்’ (சீனி இல்லாமல், இனிப்பற்ற ஆவிப்பால் சேர்த்தது), ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாதது) என்று மாறிக்கொள்ளலாம். இதற்குக் கூடுதல் நேரம் தேவையில்லை.

கடையிலாவது நாம் விரும்பியபடி கேட்டு வாங்கலாம். நம் சமூக நிகழ்ச்சிகளில் அதற்கு வழியே இல்லை என்பதுதான் என் முதன்மையான ஆதங்கம். திருமணமாகட்டும், சங்கக் கூட்டமாகட்டும், இலக்கிய விழாவாகட்டும், பாலும் சீனியும் முன்கூட்டியே கலந்த தேநீர்தான் பெரிய கலனில் வந்து இறங்குகிறது. நீரிழிவுக்கு மருந்து சாப்பிடும் முதியவர் ஒருவர் ‘சீனி போடாதது இருக்கிறதா தம்பி’ என்று பரிமாறுபவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதையும், இல்லை என்றதும் அதையே வாங்கிக் குடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். விருந்துக்கு வந்த பெரியவரை நாம் அந்த நிலையில் வைக்கலாமா? பானங்களில் உள்ள சீனியின் அளவைக் காட்டும் ‘நியூட்ரி-கிரேடு’ குறியீடு, கடைகளில் அப்போதே தயாரித்துத் தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் நிகழ்ச்சிக் கூடத்தின் மூலையில் இருக்கும் கலனில் எவ்வளவு சீனி கலந்திருக்கிறது என்பது குடிப்பவர்க்குத் தெரிவதே இல்லை.

இதனுடன், இரவு உணவுக்குப் பின் புளோக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறுவதை நடை குறைக்கிறது. 40 வயதை எட்டியும் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் இந்த மாதமே பதிந்துகொள்வது நல்லது. அதில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சுகாதாரப் பரிசோதனைகள் இலவசம். நீரிழிவு பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமலே இருக்கக்கூடும் என்பதால், நலமாகத்தானே இருக்கிறோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சரியன்று.

வரும் பொங்கல் விழாக்களை நடத்தும் சமூக மன்றங்களின் செயற்குழுக்களுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உணவு வழங்குபவரிடம் ஏற்பாடு செய்யும்போதே, தேநீரைச் சீனி இல்லாமல் கொண்டுவரும்படியும், சீனியைப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வைக்கும்படியும் சொல்லிவிடுங்கள். இனிப்பு வேண்டுவோர் தாமே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டார வாசகர்