எக்கிமோசிஸ்

வில்பட்டி,
ஆகஸ்ட் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பேத்தி காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். பத்து நாளாக இங்கே விடாத சாரல். கொல்லைப்படி பாசியில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடிபட்டது முழங்கால். மூன்றாம் நாள் பார்த்தால் கணுக்கால் வரைக்கும் கத்தரிக்காய் நிறம். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

சீட்டில் 'எக்கிமோசிஸ்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்ததும் அம்மா முகம் மாறிவிட்டது. "என்னடா புது வியாதி?" என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை, அகராதியை எடுத்து உட்கார்ந்தேன்.

அது கிரேக்கச் சொல்லாம். 'எக்' என்றால் வெளியே, 'கிமோஸ்' என்றால் சாறு. சாறு வெளியே வழிந்துவிட்டது, அவ்வளவுதான் பொருள்! இரைப்பையில் கூழாகும் உணவை 'கைம்' என்று உயிரியல் வகுப்பில் படித்தோமே, அதுவும் இதே கிமோஸ்தான். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்து, ரத்தம் சதைக்குள் பரவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திட்டாகத் தெரிந்தால் இந்தப் பெயர். ஊசிமுனைப் புள்ளிகளாக இருந்தால் வேறு பெயர். வழிந்த ரத்தம் கீழ்நோக்கித்தானே இறங்கும், அதனால்தான் முழங்கால் அடி கணுக்காலில் தெரிந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை வேறு சாப்பிடுகிறாள், அதனால் கொஞ்சம் அதிகமாகவே பரவிவிட்டது.

இதை அம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பேரிக்காய் கன்னிப்போற மாதிரியா?" என்றாள்.

மாப்ளே, எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாற்பது வருஷம் காய் பொறுக்கித் தரம் பிரித்த கை அவளுடையது. உடனே கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து, கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள். மேல்தோல் கிழியவில்லை, உள்ளே மட்டும் மெத்தென்று நீர்விட்டு, பழுப்பாக நிழல் தட்டியிருந்தது. சாறு உள்ளுக்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. கிரேக்க வைத்தியர்கள் கண்டு பெயர் வைத்ததும் இதைத்தானே? 'கன்றுதல்' என்ற நம் சொல் தோலுக்கும் பழத்துக்கும் ஒன்றாகவே நிற்கிறது. வெயிலில் முகம் கன்றும், மனசும் கன்றும். 'களவின்கண் கன்றிய காதல்' என்று வள்ளுவர் சொல்லும்போது ஆசை உள்ளே ஊறி முற்றிப்போனதைச் சொல்கிறார். அந்தச் சீட்டில் 'கன்றல்' என்று ஒரு வார்த்தை தமிழில் எழுதியிருந்தால் ஒரு கிழவி இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

இப்போது ஓரமெல்லாம் பச்சையாகி, மஞ்சளாக மாறிவருகிறது. ரத்தத்தின் சிவப்பு சிதைந்து முதலில் பச்சை நிறமியாகி, அப்புறம் மஞ்சளாகுமாம். அம்மா தினமும் விளக்கடியில் காலை நீட்டிப் பார்த்து, "பச்சை குறைஞ்சிருக்கு" என்கிறாள். அந்தச் சீட்டை இப்போது தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் எடுத்துக் காட்டி, அர்த்தமும் சொல்கிறாள்.

அப்புறம், நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பெட்டி பேரிக்காய் போட்டுவிடுகிறேன். அம்மா கையால் பொறுக்கியது, ஒன்றுகூடக் கன்றியிருக்காது. பேத்திக்குக் கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்