பங்குச்சந்தைச் செய்தி போடும் ஆசிரியர்களுக்கு

தமிழ்த் தொலைக்காட்சி, நாளிதழ், யூடியூப் செய்திப் பிரிவு ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் செய்திகளில் டே டிரேடர்கள், அதாவது அன்றன்றே வாங்கி விற்று லாபம் தேடுபவர்கள், இரண்டே வகை. வேலையை விட்டுவிட்டு லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பதாகப் பேட்டி தருபவர் ஒருவர். 'பேராசையால் நஷ்டம், வாலிபர் விபரீத முடிவு' என்று ஒரு பத்தியில் முடிந்துபோகிறவர் இன்னொருவர். நடுவில் இருப்பவர்களைக் காணோம்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் ஆய்வு. அந்த எண்கள் தலைப்பில் வந்தன. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டப்பட்டும் முக்கால்வாசிப் பேர் டிரேடிங்கை நிறுத்தவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஏன் நிறுத்தவில்லை என்று யாராவது ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டீர்களா?

செவ்வாய்க்கிழமை, நிஃப்டி எக்ஸ்பைரி, அதாவது நிஃப்டி குறியீட்டின் மீதான அந்த வார ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நாள். மதியம் இரண்டரை மணி. சந்தை ஏறும் என்று நம்பி 40 ரூபாய்க்கு வாங்கிய கால் (call) ஆப்ஷன் 9 ரூபாயில் நிற்கிறது. ஆபீஸ் கழிவறையில் போனும் கையுமாக நிற்பவர் நஷ்டம் எல்லை மீறாமல் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டு, இறங்கிய விலையில் இன்னும் வாங்கி 'ஆவரேஜ்' செய்கிறார். மூன்றரைக்கு எல்லாம் பூஜ்யம். ராத்திரி லோன் ஆப்பைத் திறக்கிறார். வீட்டில் மூச்சு விடுவதில்லை. அவருக்கு இப்போது கோடீஸ்வரன் ஆகும் கனவெல்லாம் கிடையாது. விட்டதைப் பிடித்தால் போதும்.

டிரேடிங் அடிமைத்தனம் தனி நோயாக மருத்துவப் பட்டியலில் இல்லை. ஆனால் விட்டதைப் பிடிக்க மறுபடி மறுபடி இறங்குவதும், நஷ்டத்தை வீட்டாரிடம் மறைப்பதும் சூதாட்ட நோயின் அறிகுறிகளில் உண்டு. அந்த நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் மது, போதைப் பழக்கத்தோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. குடிநோயாளி என்று எழுதப் பழகிய உங்களுக்கு இங்கே மட்டும் 'பேராசை' எப்படிச் சட்டென்று வருகிறது?

இன்னொரு குழப்பம். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, போலி ஆப்பில் பணம் கட்டவைத்து ஏமாற்றுவது திருட்டு. புகார் செய்ய சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. உண்மையான சந்தையில், சொந்த டீமேட் கணக்கில் தோற்பது வேறு. இரண்டுக்கும் 'ஆன்லைன் டிரேடிங்கில் பணம் இழப்பு' என்றே தலைப்பு வைக்கிறீர்கள். ஏமாந்தவருக்கும் உதவி போய்ச் சேரவில்லை, அடிமையானவருக்கும் சேரவில்லை.

காலை ஒன்பது மணிக்கு 'இன்றைய இண்ட்ராடே பங்குகள்', மாலை ஏழு மணிக்குப் பேராசை பற்றிய விவாதம், நடுவே புரோக்கிங் ஆப் விளம்பரம். வருமானம் வேண்டும்தான், புரிகிறது. ஆனால் ஜெயித்த கதையைப் போடும்போது, பேட்டி தருபவரிடம் மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஸ்க்ரீன்ஷாட் போதாது. தற்கொலைச் செய்தியில் எப்படி இறந்தார் என்ற விவரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐப் போடுங்கள். தமிழிலேயே பேசலாம் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் வணிகச் செய்திகளை நாள்தோறும் பார்க்கும் ஒருவன்